விமானத்துக்குக் கால் செய்த ஸ்டீவ் விட்மன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் செஸ்னா 172 பயிற்சி விமானத்தைப் பற்றி எழுதும்போது, "இந்த வகை ஸ்பிரிங் காலை முதலில் உருவாக்கியவர் விஸ்கான்சின்காரர் ஸ்டீவ் விட்மன்" என்று ஒரே ஒரு வரி போட்டிருந்தோம். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. ஆகவே இந்த மாதக் கேள்வி பதில் முழுவதும் விட்மனுக்கே.

யார் இந்த விட்மன்? எந்தப் பாடப்புத்தகத்திலும் அவர் பெயரைப் பார்த்ததில்லையே?
*வாசகி, காரைக்குடி*

1904 ஏப்ரல் 5 அன்று அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பைரன் என்ற சிற்றூரில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோது வந்த நோயில் ஒரு கண்ணின் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. விமானம் ஓட்ட விடமாட்டார்கள் என்றே நினைத்திருந்தார். ஆனாலும் 1924-இல் ஓட்டக் கற்றுக்கொண்டார். 1931 முதல் 1969 வரை ஆஷ்காஷ் நகர விமான நிலையத்தின் மேலாளர். அதே இடத்தில் பயிற்சி, பழுதுபார்ப்பு, பந்தய விமானம் கட்டுதல் எல்லாம் நடந்தது. சீஃப் ஆஷ்காஷ், பான்ஸோ என்று அவர் கட்டிய பந்தய விமானங்கள் 1930-களில் பேர்போனவை. பான்ஸோவில் கர்ட்டிஸ் டி-12 என்ற 12 சிலிண்டர் எஞ்சின் இருந்தது. பெரிய கம்பெனிகளின் பணபலம் எதுவும் இல்லாமல், சிறிய ஊரின் கொட்டகையில் கட்டிய விமானம் அது.

சொந்தமாகச் சிறு விமானம் கட்டி ஓட்டும் அமெரிக்கர்களுக்கு அவர் ஒரு வாத்தியார். 1953-இல் பால் போபெரெஸ்னி தொடங்கிய எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன், இல்லினாய் மாநிலத்தின் ராக்ஃபோர்டில் இடம் போதாமல் திண்டாடியபோது, ஆஷ்காஷுக்கு வரலாமே என்று யோசனை சொன்னவர் விட்மன். 1970-இலிருந்து அந்தச் சங்கத்தின் ஆண்டு விழா அங்கேதான் நடக்கிறது. அந்த விமான நிலையத்துக்கு இப்போது அவர் பெயர்.

ஸ்பிரிங் கால் என்றால் என்ன? அதில் அப்படி என்ன புதுமை?
*பாலிடெக்னிக் மாணவர், ஓசூர்*

1930-களில் சிறு விமானத்தின் சக்கரக் கால் என்றால், இரும்புக் குழாய்களை முக்கோணமாகப் பற்றவைத்து, நடுவே ரப்பர் வடத்தையோ எண்ணெய்-காற்று சிலிண்டரையோ வைப்பார்கள். ரப்பர் வெயிலில் வெடித்துத் தளரும். சிலிண்டரின் சீல் கசியும். குழாய்கள் காற்றை இழுத்து வேகத்தைக் குறைக்கும். பந்தயக்காரரான விட்மனுக்குக் கடைசிக் குறைதான் முதலில் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

அவர் செய்தது: ஒரே ஒரு ஸ்பிரிங் எஃகுப் பட்டையை விமானத்தின் வயிற்றிலிருந்து வெளிப்பக்கமாகச் சாய்த்து நீட்டி, நுனியில் சக்கரத்தை மாட்டினார். லாரியின் ஸ்பிரிங் பட்டை எப்படி வளைந்து நிமிருமோ அதே வேலைதான். ஆனால் இங்கே ஒற்றைப் பட்டை, ஒரு முனை மட்டும் பிடிக்கப்பட்டது. அசையும் பாகம் ஒன்றுமில்லை, கசிய எண்ணெய் இல்லை, கிரீஸ் வைக்கும் இடம் இல்லை. இந்தக் காப்புரிமையைச் செஸ்னா நிறுவனம் பெற்று, இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் 120, 140, 195 ஆகிய விமானங்களில் போட்டது. அங்கிருந்து 150, 172 என்று பரவியது. 1971 மாடலில் இருந்து 172-இல் தட்டைப் பட்டைக்குப் பதில் நுனி நோக்கிச் சிறுத்துப்போகும் எஃகுக் குழாய் வந்தது. கொள்கை மாறவில்லை. நம் நாட்டுப் பயிற்சிப் பள்ளிகளில் 152-யோ 172-யோ ஓட்டிப் பழகிய ஒவ்வொருவரும் இறங்கும்போது மிதித்தது விட்மனின் யோசனையின் மேல்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 700 கிலோ விமானம் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் கீழே வந்து தரையைத் தொட்டால், அடக்க வேண்டிய ஆற்றல் 1,400 ஜூல். அதே விமானத்தை 20 செ.மீ. உயரத்திலிருந்து கீழே போட்டதற்குச் சமம். இரண்டு கால்களும் பாதிப் பாதியாக வாங்கிக்கொண்டு வளைகின்றன.

ஸ்பிரிங் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்குமே? விமானம் பந்து போலத் துள்ளாதா?
*அதே மாணவர்*

நல்ல கேள்வி, துள்ளும். எஃகு தானாக ஆற்றலை அதிகம் விழுங்காது. ஆனால் கால் வளையும்போது இரண்டு சக்கரங்களும் பக்கவாட்டில் விரிகின்றன. டயர் தரையில் பக்கமாகத் தேய்கிறது. அந்தத் தேய்ப்பில் கணிசமான ஆற்றல் வெப்பமாகப் போய்விடுகிறது. துள்ளலை அடக்குவது பெரும்பாலும் இந்த உரசல்தான். ஈரப் புல்லில் உரசல் குறைவு, அதனால் துள்ளல் கூடும்.

வேகம் மிச்சமிருக்கும்போது தரையைத் தொட்டால்தான் பெருந்துள்ளல் வரும், ஏனென்றால் இறக்கை இன்னும் தூக்கிக்கொண்டிருக்கிறது. அப்போது கட்டுப்பாட்டுக் கோலை முன்னே தள்ளுவது பெரிய தவறு. மூக்குச் சக்கரம் முதலில் இடித்து, இரண்டாவது துள்ளல் முதலாவதைவிட மோசமாகும். மூக்கை இறங்கும் நிலையிலேயே பிடித்து, கொஞ்சம் பவர் கொடுத்து மறுபடி மெதுவாக உட்கார வையுங்கள். துள்ளல் பெரிதென்றால் முழுப் பவர் கொடுத்து மேலே போய்விடுங்கள்.

நான் விமானப் பராமரிப்புப் படிப்பில் இருக்கிறேன். ஸ்பிரிங் காலில் "பராமரிக்க ஒன்றுமில்லை" என்று சீனியர்கள் சொல்கிறார்கள். உண்மையா?
*வாசகர், சென்னை*

சீனியர்களை மதியுங்கள், ஆனால் இந்த ஒன்றை நம்பாதீர்கள். கசிய ஒன்றுமில்லை என்பதுதான் உண்மை, பார்க்க நிறைய உண்டு.

முதலில் பெயின்ட். செஸ்னாவின் தட்டைக் கால்கள் அதிக வலிமை கொண்ட குரோம்-வனேடியம் எஃகு. கீழ்ப்பரப்பைச் சிறு எஃகுக் குண்டுகளால் அடித்து, மேல்தோலில் அழுத்தத்தை ஏற்றி வைத்திருப்பார்கள். கால் வளையும்போது கீழ்ப்பரப்பு இழுபடும் அல்லவா? ஏற்கெனவே அழுத்தப்பட்ட தோல் அந்த இழுப்பை ஈடுகட்டி, விரிசல் தொடங்குவதைத் தள்ளிப்போடும். அந்தத் தோலில் ஒரு சுரண்டல், ஒரு துருக்குழி விழுந்தால், விரிசல் அங்கிருந்துதான் புறப்படும். பெயின்ட் உரிந்த இடத்தை "அழகுப் பிரச்சினை" என்று விட்டுவிடக் கூடாது. துருவை எடுக்கும்போது உப்புத்தாளைக் காலின் நீளவாக்கில் மட்டும் ஓட்டுங்கள். குறுக்கே ஓட்டினால் நீங்களே விரிசலுக்குக் கோடு போட்டுக் கொடுக்கிறீர்கள். எவ்வளவு ஆழம் வரை எடுக்கலாம் என்பது பராமரிப்புக் கையேட்டில் இருக்கும். அதைத் தாண்டினால் காலை மாற்றத்தான் வேண்டும்.

அமிலம் சேர்ந்த துரு நீக்கியைக் காலில் தடவவே கூடாது. இவ்வளவு கடினமான எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்தால், வெளியே ஒன்றும் தெரியாமல், சில நாள் கழித்து நின்ற நிலையில் விரிசல் விட்டு உடையும். பளபளப்புக்காக குரோம் பூச ஆசைப்படுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

வெல்டிங், துளை போடுதல் இரண்டும் அறவே கூடாது. ஏறும் படியைக் காலில் பசையால் ஒட்டியிருப்பதற்குக் காரணம் இதுதான். படி கழன்றுவிட்டது என்று யாராவது வெல்டிங் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தால் தடுத்து நிறுத்துங்கள். அந்தச் சூட்டில் எஃகின் பதம் கெட்டு, வெல்டைச் சுற்றி நொறுங்கும் வளையம் ஒன்று உருவாகும்.

அடுத்தது கால் உடலுக்குள் நுழையும் இடம். தட்டைக் காலின் உள்முனையை ஒரு போல்ட் பிடித்திருக்கும். வெளிப்பக்கம் ஒரு பிடிப்புக்குள், இடைவெளியை நிரப்பும் மெல்லிய ஷிம் தகடுகளோடு உட்கார்ந்திருக்கும். விமானத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். "டக்" என்று சத்தம் கேட்டாலோ, பிடிப்பைச் சுற்றிக் கறுப்புப் பொடி தெரிந்தாலோ கால் அசைகிறது. கரடுமுரடாக இறங்கிய விமானத்தில் கால் நேராக இருப்பதைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். கால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும், அடி வாங்கியது அதைப் பிடித்த உடல்தான். பிடிப்பைச் சுற்றிய தகட்டுச் சுருக்கம், இழுபட்ட ரிவெட், கதவின் இடைவெளி மாறியிருப்பது, இவற்றைத் தேடுங்கள்.

ஜாக்கி வைத்துத் தூக்கும்போது செஸ்னா சறுக்கி விழுந்ததாகக் கேள்விப்பட்டேன். எதனால்?
*வாசகர், திருச்சி*

காலிலேயே ஜாக்கி வைத்துத் தூக்கினால் நடக்கும். விமானத்தின் எடையில் கால் விரிந்து நிற்கிறது. சக்கரம் தரையை விட்டு எழ எழ, கால் தன் இயல்பு நிலைக்கு உள்பக்கமாக நகர்கிறது. அதன்கூடவே ஜாக்கியின் தலையும் உள்ளே சாய்கிறது. டயர் மாற்றுகிறவர் இதைக் கவனிக்காமல் ஒரே மூச்சில் ஏற்றினால் ஜாக்கி சரிந்துவிடும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். எதிர்ச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கொஞ்சம் தூக்குங்கள். ஜாக்கி சாயத் தொடங்கியதும் இறக்கி, நேராக நிறுத்தி, மறுபடி தூக்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு சக்கரம் மட்டும். இரண்டும் எழ வேண்டுமானால் இறக்கை ஜாக்கிதான்.

டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்கிறது. சக்கரத்தின் நேரை வீட்டிலேயே பார்க்க முடியுமா?
*வாசகர், பெங்களூர்*

வீட்டில் வேண்டாம், ஹாங்கரில் பாருங்கள்! கருவிகள் மலிவானவைதான். சுமார் 45 செ.மீ. சதுர அலுமினியத் தகடுகள் நான்கு, ஒரு டப்பா கிரீஸ், நீளமான நேர்க்கோல், மூலைமட்டம்.

ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் இரண்டு தகடுகள், நடுவே தாராளமாக கிரீஸ். இது இல்லாமல் அளந்தால் பயனில்லை, டயர் தரையைக் கவ்விக்கொண்டு காலை முறுக்கி வைத்திருக்கும். கிரீஸ் தகட்டின் மேல் விமானத்தை ஆட்டினால் கால் தானாக உட்கார வேண்டிய இடத்தில் உட்காரும். பிறகு இரண்டு டயர்களுக்கும் முன்னால் நேர்க்கோலைக் குறுக்கே வைத்து, மூலைமட்டத்தைச் சக்கரத்தின் பக்கத்தில் நிறுத்தி, சக்கர விளிம்பின் முன்புற, பின்புற இடைவெளிகளை அளந்து கழியுங்கள். செஸ்னாவின் கையேடுகள் பலவற்றில் உள்நோக்கிய திருப்பம் (சக்கரங்களின் முன்பக்கம் ஒன்றையொன்று நோக்கியிருப்பது) 0 முதல் 0.06 அங்குலம், அதாவது ஒன்றரை மில்லிமீட்டர் வரை. திருத்தம் செய்வது அச்சுக்கும் காலுக்கும் நடுவே ஆப்பு வடிவ ஷிம் வைத்து.

ஒன்றை மறக்காதீர்கள்: காலி விமானத்தில் ஒரு அளவும், பெட்ரோல் நிரப்பி ஆள் ஏறிய விமானத்தில் வேறு அளவும் வரும். கால் விரிய விரியச் சக்கரத்தின் சாய்வு மாறும். கையேடு எந்த எடையில் அளக்கச் சொல்கிறதோ அந்த எடையில் அளக்க வேண்டும். தரையில் கோளாறு தெரியாமல் டயர் தேய்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

வால் சக்கர விமானம் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அதில் சக்கரங்கள் உள்நோக்கித் திரும்பியிருப்பது ஆபத்து. விமானம் ஒரு பக்கம் திரும்பினால் எடை வெளிச் சக்கரத்துக்குப் போகும். அந்தச் சக்கரம் ஏற்கெனவே உள்ளே பார்த்துக்கொண்டிருந்தால் திருப்பத்தை இன்னும் இறுக்கிவிடும், கடைசியில் தரையிலேயே சுழன்றுவிடும். நேராகவோ, இம்மியளவு வெளிநோக்கியோ இருப்பதே நல்லது.

சில வீட்டுக்கட்டு விமானங்களில் தட்டைப் பட்டைக்குப் பதில் உருளைக் கம்பி இருக்கிறதே?
*வாசகர், யாழ்ப்பாணம்*

அதுவும் விட்மனுடையதுதான். மேலே தடித்து கீழே சிறுத்துப்போகும் எஃகுக் கம்பி. ஆர்வி-4, ஆர்வி-6 போன்ற வீட்டுக்கட்டு விமானங்களில் அந்தக் கம்பி எஞ்சினைத் தாங்கும் குழாய்ச் சட்டத்தின் சாக்கெட்டுக்குள் செருகி நிற்கிறது. அதனால் தரையில் வாங்கும் அடி கேபினின் மெல்லிய தகட்டுக்குப் போகாமல் உறுதியான சட்டத்துக்குப் போய்விடும்.

கம்பியின் குறை, அது முன்னும் பின்னும் கூட எளிதாக வளையும். குறிப்பிட்ட வேகத்தில் கால்கள் கடகடவென்று நடுங்கும். நடுக்கம் வந்தால் இந்த வரிசையில் பாருங்கள். டயரின் காற்றழுத்தம் (அதிகமாக இருந்தால் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள்). டயரின் சமநிலையும் வட்டமும். சாக்கெட்டில் கம்பியைப் பிடிக்கும் போல்ட்: துளையில் மயிரிழை ஆட்டம் இருந்தாலும் நடுங்கும், துளையைச் சரியாக ரீமர் போட்டுத் தடித்த போல்ட் போட வேண்டும். சக்கர நேர். இவை எல்லாம் சரியாக இருந்தும் நடுங்கினால், கம்பியின் பின்பக்கம் நீளவாக்கில் மரப்பட்டை வைத்து, கண்ணாடி இழை நாடா சுற்றி ரெசின் பூசுவார்கள். மரம் நடுக்கத்தை விழுங்கும். பலர் முதல் வேலையாக மரத்தை ஒட்டிவிட்டு, போல்ட்டின் ஆட்டத்தைக் கண்டுபிடிக்காமல் விடுகிறார்கள்.

விட்மன் கார் எஞ்சினை விமானத்தில் போட்டாராமே?
*வாசகர், மதுரை*

ஆமாம். அவர் வடிவமைத்து 1953-இல் பறக்கவிட்ட டெயில்விண்ட் என்ற இருவர் விமானத்தின் பிற்கால வடிவங்களில் ஓல்ட்ஸ்மொபைல் காரின் 3.5 லிட்டர் அலுமினிய வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினைப் போட்டார். ஜெனரல் மோட்டார்ஸ் அதை 1961 முதல் 1963 வரைதான் செய்தது. வார்ப்பிரும்பு வி8-களோடு ஒப்பிட்டால் எடை மிகக் குறைவு.

அவருடைய முடிவில் கவனிக்க வேண்டியது, கியர் பெட்டி வைக்காமல் புரொப்பெல்லரை நேராக மாட்டியது. கார் எஞ்சின் முழு வலுவைக் கொடுப்பது நிமிடத்துக்கு 4,500 சுற்றுக்கு மேல். 160 செ.மீ. புரொப்பெல்லரை 4,600-இல் சுற்றினால் அதன் நுனி வினாடிக்கு 385 மீட்டர் ஓடும், ஒலியின் வேகமே சுமார் 340-தான். வெறும் இரைச்சல் மிஞ்சும், இழுப்பு போய்விடும். 3,000-இல் நுனி 251 மீட்டரில் ஓடும், அது நல்ல நிலை. ஆகவே எஞ்சினின் வலுவில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, கியர் பெட்டியின் எடையையும், அது முறுக்கதிர்வில் உடையும் ஆபத்தையும் தவிர்த்தார். இன்று கார் எஞ்சின் மாற்றுகிறவர்கள் அதிகம் தடுக்கி விழுவது எஞ்சினில் அல்ல, கியர் பெட்டியிலும் குளிரூட்டலிலும் மின்சாரத்திலும்தான். கார் கிராங்கின் பேரிங் புரொப்பெல்லர் இழுப்பைத் தாங்கச் செய்யப்பட்டதல்ல. அதற்குத் தனித் தாங்கி தேவை.

அவர் எப்படி இறந்தார்? "பட்டுத்துணி கிழிந்து" என்று ஒரு நண்பர் சொன்னார்.
*வாசகி, சிங்கப்பூர்*

பட்டு அல்ல, செயற்கை இழைத் துணி. இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் விட்டுச்சென்றவற்றில் இதுவும் சேர்த்தி.

1995 ஏப்ரல் 27. 91 வயது. புளோரிடாவிலிருந்து ஆஷ்காஷுக்கு, தானே கட்டிய ஓ அண்ட் ஓ ஸ்பெஷல் விமானத்தில் மனைவி பவுலாவோடு போய்க்கொண்டிருந்தார். (ஆஷ்காஷ், ஒகாலா என்ற இரண்டு வீட்டூர்களின் முதலெழுத்துதான் அந்தப் பெயர்.) அலபாமா மாநிலத்தின் ஸ்டீவன்சன் அருகே விமானம் காற்றிலேயே சிதைந்து இருவரும் இறந்தார்கள். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்ட காரணம்: இறக்கையின் மேல் துணியில் சரியாக ஒட்டாமல் விடப்பட்ட ஒரு பகுதி, ஏலெரான் (விமானத்தைப் பக்கம் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை) இருக்கும் இடத்தில் பின்விளிம்பில் பிரிந்தது. அதனால் ஏலெரானும் இறக்கையும் சேர்ந்து படபடத்தன. துணி ஒட்டிய முறை தவறு.

இந்தப் படபடப்பைத்தான் ஃப்ளட்டர் என்பார்கள். இறக்கை முறுகும், ஏலெரான் அந்த முறுக்கை இன்னும் பெரிதாக்கும், இரண்டும் மாறி மாறி ஊட்டிக்கொண்டு, விமானி கையை நகர்த்துவதற்குள் இறக்கை போய்விடும். எழுபது ஆண்டுப் பறத்தல் அனுபவமும் அங்கே உதவ முடியாது, ஏனென்றால் செய்யவேண்டியது தரையில் செய்யப்படாமல் போனது. இதை அவரைக் குறைசொல்ல எழுதவில்லை. அவரை நேசித்த கட்டுநர்கள்தான் இதை முதலில் படித்துத் தங்கள் இறக்கைகளைத் தட்டிப் பார்த்தார்கள் என்றால் அதுவே அவருக்குத் தகுந்த மரியாதை.

மர இறக்கையின் மேல் துணி எதற்கு? அதைச் சரியாக ஒட்டுவது எப்படி?
*வாசகர், கோவை*

டெயில்விண்ட் வகை இறக்கை மெல்லிய ப்ளைவுட் தோல் போர்த்தியது. ப்ளைவுட்டின் மேல்பரப்பு வெயிலிலும் ஈரத்திலும் மயிரிழையாக வெடிக்கும். அதைத் தடுக்கவே மெல்லிய பாலியெஸ்டர் துணி, சதுர மீட்டருக்குச் சுமார் 58 கிராம் எடையுள்ளது.

பழைய காலப் பருத்தித் துணியில் டோப் என்ற இறுக்கும் பூச்சு ஊறி, நாரோடு ஒன்றாகிவிடும். பாலியெஸ்டர் இழையில் டோப் ஊறாது. முதல் பூச்சு துணியின் கண்கள் வழியே இறங்கி, ஒவ்வொரு இழையையும் சுற்றிப் பிடித்தால் மட்டுமே பிடிப்பு உண்டு. இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் புரியும்.

பாலிஃபைபர் என்ற கம்பெனியின் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். ப்ளைவுட்டை உப்புத்தாள் போட்டுத் தூசி துடைத்து, எப்பாக்ஸி வார்னிஷ் இரண்டு பூச்சு. நன்றாக இறுகியபின் லேசாகச் சொரசொரப்பாக்குங்கள். அதன்மேல் பாலிபிரஷ் என்ற பசைப்பூச்சு இரண்டு முறை, காய விடுங்கள். பலர் இந்தப் படியைத்தான் தாண்டிவிடுகிறார்கள். இதன்பின் துணியை விரித்து ஓரங்களைப் பாலிடாக் பசையால் ஒட்டுங்கள். இஸ்திரிப் பெட்டியால் 121 டிகிரி செல்சியஸில் சுருக்குங்கள், கடைசி இறுக்கம் 177-இல். 177-ஐத் தாண்டினால் துணி நிரந்தரமாகத் தளர்ந்துவிடும், மறுபடி சூடு காட்டினாலும் இறுகாது. பெட்டியின் குமிழ் காட்டும் எண்ணை நம்பாதீர்கள், தெர்மாமீட்டர் வைத்து அளந்து குமிழில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பிறகு மேலிருந்து பாலிபிரஷ் பூசினால், அது துணிக்குள் இறங்கி, கீழே காய்ந்திருக்கும் பூச்சையும் இளக்கி இரண்டையும் ஒன்றாக்கும். கீழே அந்தப் பூச்சு இல்லையென்றால் இளக ஒன்றுமில்லை. மேலே பார்க்கக் கண்ணாடி போல இருக்கும், அடியில் வெறும் தொடுதல்தான்.

ஒரு கம்பெனியின் பசை, இன்னொன்றின் பூச்சு, மூன்றாவதின் பெயின்ட் என்று கலக்கவே கலக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் தனித்தனியே சோதித்தது, கலவையை யாரும் சோதித்ததில்லை. மிச்சத் துணியில் ஓரடிக்கு ஓரடி மாதிரி ஒட்டி, ஒரு வாரம் கழித்து ஓரத்தைப் பிடித்து உரித்துப் பாருங்கள். பசைக்குப் பதில் துணியோ மர நாரோ கிழிந்தால் ஒட்டு நன்று. துணி சுத்தமாக உரிந்து வந்தால் இறக்கையில் கை வைக்காதீர்கள்.

பழைய விமானம் வாங்குகிறவர்களுக்கு: மாலை வெயிலில் இறக்கையோடு கண்ணை ஒட்டி, சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள், கொப்புளம் தெரியும். விரல் நகத்தால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போனால், ஒட்டாத இடத்தில் சத்தம் மாறும். பின்விளிம்பு, ஏலெரான் கீல் வரிசை, தண்ணீர் வடியும் துளைகள், டேப் முனைகள் ஆகியவற்றில் அதிக நேரம் செலவிடுங்கள். கொப்புளத்தில் ஊசி குத்தி இஸ்திரி போட்டால் கண்ணுக்கு மறையும், ஒட்டாது. கீறி, சுத்தம் செய்து, முறைப்படி மறுபடி ஒட்டவே வேண்டும்.

ஃப்ளட்டருக்குத் துணி மட்டும்தான் காரணமா?
*அதே வாசகர்*

இல்லை. ஏலெரானின் எடைச் சமநிலை பெரும்பங்கு. கீலுக்குப் பின்னால் எடை கூடக்கூட ஆபத்து. ஏலெரானின் பின்பகுதியில் 200 கிராம் பெயின்டும் ஒட்டும் கூடியது என்று வையுங்கள், கீலிலிருந்து 25 செ.மீ. பின்னால். அதை ஈடுகட்ட, கீலுக்கு 10 செ.மீ. முன்னால் 500 கிராம் ஈயம் வேண்டும். விமானத்தை மறுபடி பெயின்ட் அடித்தவர்கள் இதை அளக்காமல் பறந்தால் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரியாமலே பறக்கிறார்கள். கீல் ஆட்டம், தளர்ந்த கேபிள் இரண்டையும் கூடவே பாருங்கள்.

விட்மனைப் போன்ற குருவிடம் ஒருவர் எப்படிக் கற்றார்கள்? பள்ளி நடத்தினாரா?
*வாசகி, தஞ்சாவூர்*

கொட்டகையே பள்ளி. ஆஷ்காஷில் அவரிடம் வேலை பார்த்த பில் பிரெனண்ட், விட்மன் மறுபடி கட்டிய பஸ்டர் என்ற பந்தய விமானத்தில் 1947, 1949 ஆண்டுகளில் கிளீவ்லாண்டின் குட்இயர் பந்தயத்தை வென்றார். தான் கட்டியதை இன்னொருவர் கையில் கொடுத்து வெல்ல வைப்பது எல்லா வல்லுநர்களுக்கும் வருவதில்லை. டெயில்விண்டின் வரைபடங்களை விற்று, முன்பின் தெரியாத கட்டுநர்களும் அந்த விமானத்தைக் கட்ட வழி செய்தார்.

அமெரிக்காவில் இன்று அதே வேலையை எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷனின் தொழில்நுட்ப ஆலோசகர்கள் செய்கிறார்கள். கட்டணம் இல்லை. அவர்களை அழைக்க வேண்டிய நேரம் இறக்கையை மூடுவதற்கு முன், மூடிய பின் அல்ல. துணி ஒட்டுவதற்கு முன் ஒருமுறை, எஞ்சின் பொருத்தியதும் ஒருமுறை, முதல் பறத்தலுக்கு முன் ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான தவறுகள் அகப்பட்டுவிடும். முதல் பறத்தலுக்குப் பிறகும், எஞ்சினையும் புரொப்பெல்லரையும் பொறுத்து வழக்கமாக 25 அல்லது 40 மணி நேரம் குறிப்பிட்ட பகுதிக்குள் தனியாகச் சோதனைப் பறத்தல் செய்ய வேண்டும்.

எங்கள் மாதிரி விமானக் குழுவின் ஆசான் அண்மையில் காலமானார். அவருடைய நோட்டுகளும் வரைபடங்களும் எங்களிடம் இருக்கின்றன. எப்படிப் பாதுகாப்பது?
*ஒரு குழுவினர், கோவை*

உங்கள் துயரில் பங்குகொள்கிறோம். முதலில் எதையும் அடுக்கி ஒழுங்குபடுத்தாதீர்கள். எந்த நோட்டு எந்த விமானத்தின் மேல் கிடந்தது என்பதே ஒரு தகவல். இருந்த இடத்திலேயே படம் எடுத்துக்கொண்டு பிறகு கை வையுங்கள்.

எழுத்துப் பக்கங்களை 300 டிபிஐ-யிலும், வரைபடங்களை 600-இலும் ஸ்கேன் செய்யுங்கள். வரைபடத்தின் அருகே நீளமாகவும் குறுக்காகவும் இரண்டு அளவுகோல்கள் வைத்தே ஸ்கேன் எடுக்க வேண்டும். பழைய தாள் இரண்டு திசையிலும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. அளவுகோல் இல்லாமல் எடுத்த படத்திலிருந்து இறக்கைக்கு வடிவம் தரும் விலாச் சட்டங்களை வெட்டினால் இறக்கையின் இரு பாதிகளும் பொருந்தாது. அவர் வெட்டிய அச்சுகள் (பாகங்களை வரைந்து வெட்ட உதவும் மாதிரித் தகடுகள்) இருந்தால் காலிப்பரால் அளந்து, அளவை அச்சின் மேலேயே எழுதுங்கள். வரைபடமும் அச்சும் முரண்பட்டால் அச்சை நம்புங்கள், பறந்தது அதிலிருந்துதான்.

அடித்துத் திருத்திய பக்கங்களையும், உடைந்துபோன விமானங்களின் குறிப்புகளையும் தனிக் கோப்பாக வையுங்கள். அலமாரியில் அவருடைய லித்தியம் பேட்டரிகள் இருந்தால் இன்றே எடுத்துப் பாருங்கள். உப்பியதை ஓரம் கட்டுங்கள், நல்லவற்றைச் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி, நோட்டுகளிலிருந்து தள்ளி, தீப்பிடிக்காத பெட்டியில் வையுங்கள்.

பான்ஸோவையும் பஸ்டரையும் நேரில் பார்க்க முடியுமா?
*வாசகர், சேலம்*

பான்ஸோ ஆஷ்காஷில் சங்கத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பஸ்டர் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தேசிய வானூர்தி விண்வெளி அருங்காட்சியகத்துக்கு உரியது. ஜூலை இறுதி வாரத்து ஆண்டு விழாவுக்கு ஆஷ்காஷ் போகிறவர்கள், நிறுத்தி வைத்திருக்கும் விமானங்களின் வரிசையில் குனிந்து கால்களைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம். தட்டைப் பட்டையும் சிறுத்த கம்பியும் வரிசைக்கு வரிசை கண்ணில் படும்.